ஹெலிகாப்டர் அம்மா

அவருக்கு நல்லதொரு பெயர் உண்டு. ஆனால் இங்கே எழுத மாட்டேன். எழுதினால், இப்போது எந்த மாவட்டத்தில் வேலையில் இருந்தாலும் போன் போட்டு, “யாரக் கேட்டு எழுதுனீங்கண்ணா?” என்பார். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இத்தனைக்கும் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் செருப்பைக்கூட மிதிக்காமல் பஸ்ஸை நகர்த்திக்கொண்டு போனவன் நான். வாழ்க்கையில் நான் பயந்தது இரண்டே பேருக்கு. இன்னொரு ஆள் என் மனைவி.

நோயாளிகள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஹெலிகாப்டர் அம்மா. ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அறை அவருடையது. மேஜைமேல் ஒரு பழைய டிபன் டப்பா இருக்கும். அதற்குள் துணி மாட்டும் கிளிப், சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, இரண்டு மூன்று நட்டு போல்ட்டு. இவற்றுக்கெல்லாம் மேலே, உள்ளங்கை நீளத்தில் பச்சையும் சாம்பலுமாக ஒரு ரோபோ பொம்மை மல்லாந்து படுத்திருக்கும். தலையை அமுக்கி, கைகளை முதுகுக்குத் திருப்பி, இடுப்பை மடக்கி, கால்களை ஒட்டவைத்தால் அது ஹெலிகாப்டர் ஆகிவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் செய்துவிடுவார்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது.

முதல் நாள் என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்கள் பாதி மடங்கியபடி விறைத்து நின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் ஏதோ பங்காளிச் சண்டை போல, ஒன்றையொன்று தொடவே இல்லை.

“கட்டுப் பிரிச்சு எத்தினி நாளாச்சுண்ணா?”

“அம்பது நாளு மேடம்.”

“இத்தினி நாளு இன்னா பண்ணிங்க?”

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். ஆனி மாதம் டிப்போவில் வண்டி கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டும் இரண்டு விரலும் முறிந்தன. மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், கையை அசைத்துப் பழகு என்றுதான் சொல்லி அனுப்பினார். ஆனால் எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. முறிந்த எலும்புக்கு ஒரு மண்டலம் ஓய்வு வேண்டும், அசைத்தால் விலகிவிடும் என்று மனைவி சொன்னாள். மச்சினன் சொன்னான். எதிர்வீட்டுக்காரரும் சொன்னார். ஆக, நாற்பத்தெட்டு நாள் கையைத் துண்டில் தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு ஊட்டியவள் மனைவி. பொத்தான் போட்டதும் தலை சீவியதும் அவள்தான். நானும் மாப்பிள்ளை முறுக்கோடு வாயைத் திறந்துகொண்டே இருந்தேன். மண்டலம் முடிந்த அன்று கோயிலில் தேங்காய் உடைக்கலாம் என்று போனால், தேங்காயைச் சுற்றி விரல் மடங்கவில்லை.

கதையை எல்லாம் கேட்டுவிட்டு அவர் மனைவியிடம் சொன்னார்: “பாசம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதும்மா. கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க.”

அதோடு என் மனைவிக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. எனக்குப் பிடிக்காமல் போனது அடுத்த நிமிஷம். டப்பாவிலிருந்து ரோபோவை எடுத்து என் முன்னால் வைத்து, “இத ஹெலிகாப்டர் ஆக்குங்கண்ணா” என்றார்.

“மேடம், நாப்பத்தெட்டு சீட்டு வண்டி ஓட்டறவன் நானு. இது கொழந்த வெளையாடறது.”

“அப்ப உங்களுக்கு இது சுளுவா வந்துடும்.”

பொம்மையை என்னால் பிடிக்கவே முடியவில்லை. மூன்று முறை தரையில் விழுந்தது. மூன்று முறையும் மனைவி எடுத்துத் தரக் குனிந்தாள். மூன்று முறையும், “கை வெக்காதீங்கம்மா” என்ற குரல் வந்தது. அவரும் எடுத்துத் தரவில்லை. இரண்டு கைகளையும் மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு நின்றார்.

கை கட்டி நிற்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு அடையாளம். பெரிய அதிகாரி முன்னாலும் சாமி முன்னாலும் அப்படித்தான் நிற்போம். என்ன பணிவு இந்தம்மாவுக்கு என்று முதலில் நினைத்தேன். பணிவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவிழ்த்துவிட்டால் அந்தக் கைகள் தாமாகப் போய் உதவி செய்துவிடும், அதற்காகக் கட்டிவைத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

யாராவது கெஞ்சினால் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “என் கை நாலு மணிக்கு ஊட்டுக்குப் போயிடுங்க. உங்க கைதான் உங்ககூட வரும்.”

பக்கவாதம் வந்த ஒரு அம்மாள் வேங்கிக்கால் பக்கத்திலிருந்து மகனோடு வருவார். ஒருநாள் தாகம் என்றார். ஹெலிகாப்டர் அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றி அந்த அம்மாளின் வராத கைப்பக்கமாகப் பார்த்து வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். முதல் முறை தண்ணீர் மேஜையில் கொட்டியது. இரண்டாம் முறை புடவையில் கொட்டியது. மகனுக்குக் கண் சிவந்துவிட்டது.

“தாகம்னு கேக்கறவங்களுக்குத் தண்ணி குடுக்க மாட்டீங்களா? நீங்கல்லாம் ஒரு மனுஷியா?”

இவர் மேஜையைத் துடைத்தார். மறுபடி டம்ளரை நிரப்பி அதே இடத்தில் வைத்தார். நான்காவது முறை டம்ளர் ஆடி ஆடி உதட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பாதித் தண்ணீர் உள்ளே போயிற்று. அந்த அம்மாள் அதே கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கத்திக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, “நீ செத்த சும்மா இருடா” என்றார். அறை முழுக்கச் சிரித்தோம். ஹெலிகாப்டர் அம்மா சிரிக்கவில்லை. “இன்னும் பாதி இருக்குது, குடிங்க” என்றார்.

அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பாராட்டினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவார்களாம்.

அந்தப் பொம்மையை அவர் வாங்கிய கதையைத் தேரடி வீதியில் பொம்மைக் கடை வைத்திருக்கும் பாய் எனக்குச் சொன்னார். கடைக்கு வந்தவர் கார், கரடி, டிரம் அடிக்கும் குரங்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தாராம்.

“எந்த வயசுக் கொழந்தைக்கும்மா?” என்று பாய் கேட்டிருக்கிறார்.

“அறுவத்திநாலு வயசு பாய். கொத்தனாரு.”

இவர் பாட்டுக்கு, “இதுல கட்டவெரலுக்கு வேலையே இல்ல,” “இது அமுக்கறதுக்கு மட்டுந்தான் ஆவும்” என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இந்த ரோபோவை எடுத்தார். கடையிலேயே நின்று அதை ஹெலிகாப்டர் ஆக்கி, மறுபடி ரோபோ ஆக்கி, மறுபடி ஹெலிகாப்டர் ஆக்கி, எந்த இடத்தில் எந்த விரல் வேலை செய்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாராம். மொத்தம் ஒன்பது அசைவு. ஒவ்வொன்றுக்கும் வேறு விரல் வேலை.

“மூணு தலமொறையா பொம்ம விக்கறோம். பொம்மைக்கு இன்டர்வியூ வெச்சது அந்தம்மா ஒருத்தங்கதான்” என்று பாய் இன்றைக்கும் சொல்வார்.

ஐப்பசி முடிவதற்குள் ஏழு அசைவு வரை வந்துவிட்டேன். தலை உள்ளே போகும், கை மடங்கும், கால்கள் சேர்ந்து வாலாகும். எட்டாவதில்தான் வண்டி நின்றது. ரோபோவின் முதுகில் அரிசி அளவுக்கு ஒரு கொக்கி உண்டு. அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நகர்த்தினால்தான் உள்ளே மடித்து வைத்திருக்கும் இறக்கைகள் வெளியே வரும். ஒன்பதாவது, அந்த இறக்கைகளை விரித்துவிடுவது. கொக்கி எனக்கு மசியவே இல்லை. பச்சை உடம்போடு, இறக்கை இல்லாமல், அது பாதி மிஷினாக என் கையில் கிடக்கும்.

அந்த நேரத்தில்தான் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. கை எந்த நிலைமையில் இருக்கிறது என்று பிசியோதெரபி அறிக்கையோடு மருத்துவச் சோதனைக்கு வரவேண்டும். தேறினால் ஸ்டீரிங். தேறாவிட்டால் லைட் டூட்டி. அப்படியென்றால் பஸ் நிலையத்துக் கூண்டில் உட்கார்ந்து, வண்டி வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டிருப்பது. கார்த்திகை தீபத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எங்கள் டிப்போவில் தீப டூட்டி பார்க்காத வருஷத்தை நாங்கள் சர்வீஸில் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஊரே திரண்டு வரும் நாளில் வண்டியைக் கொண்டு வந்து சேர்ப்பவன்தான் டிரைவர். மற்ற நாளில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அப்படி ஒரு திமிர் எங்களுக்கு. கூண்டில் ஒருமுறை உட்கார்ந்தவன் திரும்ப ஸ்டீரிங்குக்கு வந்ததை நான் அதிகம் பார்த்ததும் இல்லை.

மனைவி கோபத்தை மறந்து அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் போனோம்.

“மேடம், ரெண்டு வார்த்த மாத்தி எழுதிக் குடுத்தா போதும். மீதிய நான் பாத்துக்கறேன். முப்பது வருஷமா ஓட்டறேன், வண்டி என் பேச்சக் கேக்கும்.”

“எந்த ரூட்டுண்ணா ஓட்டுவீங்க?”

“கீழ்பென்னாத்தூர்.”

“அதுலதாங்க நான் தெனமும் வர்றேன்.”

அவ்வளவுதான் சொன்னார். கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியை என் கையில் கொடுத்தார். பல்லைக் கடித்து அமுக்கினேன். முள் எங்கே நின்றதோ அதை அப்படியே எழுதினார். கீழே, ‘ஸ்டீரிங் பிடிக்கப் பிடிமானம் போதாது, பயிற்சி தொடர வேண்டும்’ என்று சேர்த்தார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கியர் மாற்றும்போது இடது கை கியரில் இருக்கும். அந்த நேரத்தில் முழு வண்டியும் வலது கை ஒன்றில்தான் நிற்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும்தான் கேட்டேன். வெளியே வந்து மனைவி அதிரசப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். “கல்நெஞ்சுக்காரி” என்றாள். நான் அதைவிட மோசமாகச் சொன்னேன், அதை எழுத முடியாது.

அந்த வருஷ தீபத்தன்று கூண்டில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் தொழில் கற்றவர்கள் எல்லாம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வண்டியை வளைத்து நிறுத்திவிட்டு, “அண்ணே, டைம் போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் மலையுச்சியில் தீபம் ஏறியது. பஸ் நிலையமே அரோகரா என்று அலறியது. டிரைவர், கண்டக்டர், பூக்காரி எல்லோரும் தலைக்குமேல் கை கூப்பினார்கள். நானும் தூக்கினேன். இடது கை நேராக நின்றது, வலது கை விரல்கள் கோணிக்கொண்டு நின்றன. யாரும் பார்ப்பதற்கு முன் கையைக் கீழே இறக்கி, பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். அண்ணாமலையானை நான் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் திட்டியதில்லை.

எட்டு நாள் பயிற்சிக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள், அவரிடம் இருக்கும் என் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம் என்று கிளம்பினேன். மதியச் சாப்பாட்டு நேரம். அறைக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் தயிர்சாதம் பாதி சாப்பிட்டபடி இருந்தது. மேஜையெல்லாம் பருக்கை. நெற்றியில் வியர்வை. வலது கையில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பாவம், இவருக்கும் அடிபட்டுவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தக் கட்டைக் கவனித்தேன். மணிக்கட்டு மடங்காதபடி ஒரு சுற்று. நடுவிரலும் மோதிர விரலும் பாதி மடங்கியபடி ஒட்டியிருந்தன. கட்டைவிரல் அடியில் இறுக்கமாக ஒரு பட்டை. அது என் கை. பிளாஸ்திரியால் தன் கையை என் கையாக ஆக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கையால்தான் சோறு சாப்பிட்டிருக்கிறார். இப்போது அதே கையில் அந்தப் பச்சை ரோபோவை வைத்துக்கொண்டு, எட்டாவது அசைவில், அந்த அரிசி அளவுக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தார். இடது கை மேஜைக்கு அடியில் சும்மா இருந்தது. ஒருமுறைகூட அது உதவிக்கு வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கொக்கி நகர்ந்து இறக்கை வெளியே வந்தபோதுதான் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வெட்கப்படவில்லை. “உள்ள வாங்கண்ணா” என்றார்.

“எட்டாவதுல நீங்க ஏன் நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது. நீங்க கட்டவெரலால தள்றீங்க. ஒடஞ்ச கை அப்படித் தள்ளாது. கட்டவெரல சும்மா வெச்சுக்குங்க, ஆள்காட்டி வெரலப் பக்கத்துல இருந்து கொண்டாங்க.”

பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டார். மயிரோடு பிய்ந்து வந்தது. பொம்மையை மடக்கி ரோபோவாக்கி என் முன்னால் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

ஊட்டிவிட்டவள் மனைவி, அது ஒரு பாசம். என்னைச் சரியாக்க வேண்டும் என்று தன் நல்ல கையை முடக்கிக்கொண்டு பசியோடு பருக்கை சிந்திச் சாப்பிட்ட இந்த மனுஷியை என்னவென்று சொல்வது? இவரையா அந்த வார்த்தை சொல்லித் திட்டினேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பேச்சு அப்பறம். தல மொதல்ல உள்ள போவட்டும்” என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை வந்தேன். எட்டாவதில் கட்டைவிரலைச் சும்மா வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் கொண்டு வந்தேன். கொக்கி ‘டக்’ என்றது. ஒன்பதாவதில் மூன்று இறக்கையும் விரிந்தன. என் உள்ளங்கையில் முழு ஹெலிகாப்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. முதல் முறை தனியாக வண்டியை ரோட்டில் எடுத்த நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தையாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

“திரும்ப ரோபோ ஆக்குங்க” என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாளும் நான் பயிற்சியைத் தவறவிடவில்லை. மனைவியும் மாறினாள். வீட்டில் என் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், நான் சாம்பாரை மடியில் ஊற்றிக்கொண்டாலும் அசைய மாட்டாள். மாசி மாதம் மறுபடி கருவியை அமுக்கினேன். முள் எங்கே நின்றதோ அதை அப்படியே எழுதினார், இந்தமுறையும் ஒரு வார்த்தை கூட்டவில்லை. டிப்போவில் மருத்துவச் சோதனை முடிந்தது. சாலையில் வண்டியைக் கொடுத்தும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு என் ரூட்டு திரும்பக் கிடைத்தது.

முதல் நாள் காலை கீழ்பென்னாத்தூரில் வண்டி நிரம்பியது. கண்ணாடியில் பார்த்தேன், ஹெலிகாப்டர் அம்மா ஏறுகிறார். கையில் சாப்பாட்டுப் பை. எனக்கு ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை. மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட் வாங்கினார். ஒவ்வொரு வளைவிலும் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வருவார், எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொண்டு இறங்கும்போது சொல்வார் என்று எனக்கு உறுதி. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

ரோட்டில் பாதி அகலத்துக்கு வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். எதிரில் ஒரு கரும்பு லாரி. இடது கை கியருக்குப் போனது. வலது கை தனியாக ஸ்டீரிங்கைத் திருப்பியது. முழு வண்டியும் அந்த ஒரு கையில் வளைந்து, கடலைமேல் ஏறாமல், லாரியின் மேல் உரசாமல் நேரானது. இதற்காவது தலையை ஆட்டுவாரா என்று கண்ணாடியைப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். என் வலது கையில் எந்த விரல் எவ்வளவு பலவீனம் என்று இந்த ஊரிலேயே முழுக்கத் தெரிந்த ஒரே ஆள், அந்தக் கையை நம்பித் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்கில் வண்டி நின்றும் அவர் விழிக்கவில்லை. எழுப்பலாமா என்று கண்டக்டர் கேட்டார். ஒரு நிமிஷம் தூங்கட்டும் என்று நானே இன்ஜினை அணைத்தேன்.